மகள் கேட்பது டேப்லெட், மாமா சொல்வது லேப்டாப்

பள்ளி இறுதி வகுப்பை முடிக்கப்போகும் மகள். உயிரியலில் நல்ல மதிப்பெண். நோட்டின் ஓரமெல்லாம் இலை, பூச்சி, எலும்பு என்று படமாக வரைந்து வைத்திருக்கிறாள். பேனாவால் வரையும் பெரிய டேப்லெட் ஒன்று வேண்டும் என்று கேட்கிறாள். "அது விளையாட்டுச் சாமான், அதில் உருப்படியாக ஒரு வேலையும் நடக்காது. கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்கில் சேர்த்துவிட்டு நல்ல கேமிங் லேப்டாப்பாக வாங்கிக்கொடுப்போம்" என்கிறார் தாய்மாமன். அப்பா எந்தப் பக்கமும் பேச முடியாமல் இருக்கிறார். பெரிய டேப்லெட் லேப்டாப்புக்கு ஈடாகுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார் அம்மா.

பயப்படாதீர்கள் அம்மா, பிள்ளை தனக்கு என்ன வேண்டும் என்பதில் தெளிவாகத்தான் இருக்கிறாள். ஆறுதல் இத்துடன் போதும். இனி சொல்வது கொஞ்சம் கசக்கும். உங்கள் வீட்டில் கருவியைச் சாக்காக வைத்துப் படிப்பை முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள். லேப்டாப் வாங்கியாகிவிட்டால் அதற்கேற்ற படிப்பில் சேர்ந்துதானே ஆக வேண்டும் என்று நாளை பேச்சு வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கருவியைப் பற்றி மாமா சொல்வது பாதி சரி. நிரல் எழுதும் தொழிலுக்கு டேப்லெட் போதாது. ஆப்பிளின் டேப்லெட்டான ஐபேடில், நிரலைத் தனிப் பெட்டியில் வைத்து இயக்கும் டாக்கர் என்ற மென்பொருள் ஓடாது. ஆப்பிளின் சொந்த நிரல் கருவியான எக்ஸ்கோடே அதில் கிடையாது. எக்செல் கோப்பு திறக்கும், அதற்குள் வேலையைத் தானாகச் செய்யும் விபிஏ மேக்ரோ என்ற சிறு நிரல் ஓடாது. சாலிட்வொர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும். வேறோர் இடத்தில் உள்ள கணினியை டேப்லெட்டில் திறந்து வேலை செய்யலாம்தான், இணையம் நின்றால் வேலையும் நின்றுவிடும். சர்ஃபேஸ் ப்ரோ மாதிரி விண்டோஸ் ஓடுகிற டேப்லெட்டை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது டேப்லெட் வடிவில் இருக்கும் லேப்டாப். ஆக, அவள் அந்தப் படிப்புக்குப் போவதானால் லேப்டாப்தான் வாங்க வேண்டும். ஆனால் அதற்கும் கேமிங் லேப்டாப் தேவையில்லை; 16 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) உள்ள சாதாரண லேப்டாப்பே தாராளம்.

அந்தப் படிப்புக்கு அவள் ஏன் போக வேண்டும் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. பள்ளியில் சொல்லிக்கொடுத்த நிரல் பாடத்தை வேண்டாவெறுப்பாக முடித்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விருப்பமுள்ள பிள்ளைகளே பிழை தேடி இரவெல்லாம் உட்காரும் துறை அது. விருப்பமில்லாத பிள்ளை அங்கே பட்டம் வாங்கிவிடும், வேலையில் நிலைப்பது கடினம். கல்விக் கடன் வாங்கிச் சேர்ப்பதாக இருந்தால் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அந்தக் கடனை மாமா கட்டப்போவதில்லை. உங்கள் மகள்தான் மாதாமாதம் கட்டப்போகிறாள். அவள் வாயால் "எனக்கு இது வேண்டும்" என்று சொல்லாத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள்.

மருத்துவம், செவிலியம், மருந்தியல், ஆய்வகத் தொழில்நுட்பம் எல்லாம் உங்கள் சொந்தபந்தங்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: அறிவியல், மருத்துவ ஓவியம்.

இது நேற்று முளைத்த தொழில் அல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1911லேயே இதற்கென்று தனித் துறை தொடங்கினார்கள். அதை நடத்தியவர் மாக்ஸ் புரோடெல் என்ற ஓவியர். அமெரிக்காவில் மருத்துவ ஓவியர்களுக்கான சங்கம் 1945இல் உருவானது. கேமரா வந்த பிறகும் இந்தத் தொழில் அழியாததற்குக் காரணம் உண்டு. அறுவைச் சிகிச்சையைப் புகைப்படம் எடுத்தால் ரத்தமும் கொழுப்பும் தசையும் ஒரே சிவப்பாக விழும். நரம்பு எங்கே போகிறது, எந்த இடத்தில் வெட்டக் கூடாது என்பதைப் படத்தில் தேடத்தான் வேண்டும். ஓவியர் தேவையற்றதை நீக்கி நரம்பை மட்டும் எடுத்துக் காட்டுவார். ஆய்வுக் கட்டுரை எழுதும் விஞ்ஞானி, பாடநூல் பதிப்பகம், மருத்துவக் கருவி செய்யும் நிறுவனம், அருங்காட்சியகம், நோயாளிக்கு விளக்கத் தாள் அச்சிடும் மருத்துவமனை என எல்லோருக்கும் இந்தக் கை வேண்டும்.

உங்கள் மகள் கேட்கும் டேப்லெட் இந்தத் தொழிலில்தான் முதன்மைக் கருவியாகிறது. கை எங்கே நகர்கிறதோ அங்கேயே கோடு விழுகிறது. தாளை விரும்பிய பக்கம் திருப்புவதுபோல் படத்தைத் திருப்ப முடிகிறது. 13 அங்குலத் திரை ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் சிறியது. ஒரு பாதியில் மாதிரிப் படத்தைத் திறந்துவைத்து மறு பாதியில் வரைய அந்த அளவு வேண்டும். 11 அங்குலத்தில் கையே பாதி திரையை மறைத்துவிடும்.

வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். ஆய்வு இதழுக்காகச் செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றம் கேட்கிறார்கள் என்று வையுங்கள். முதல் வேலை அளவு கேட்பது. ஆய்வு இதழ்களில் ஒற்றைப் பத்தி அகலம் பெரும்பாலும் 85 முதல் 90 மில்லிமீட்டர், முழுப்பக்க அகலம் 180ஐ ஒட்டி இருக்கும். நிழலும் வண்ணமும் உள்ள படத்துக்குப் பொதுவாக 300 டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி, அதாவது பிக்சல், என்ற கணக்கு), வெறும் கோட்டுப்படத்துக்கு 1000 டிபிஐ கேட்பார்கள். மில்லிமீட்டரை 25.4ஆல் வகுத்து டிபிஐயால் பெருக்கினால் பிக்சல் கணக்கு வரும். 180 மில்லிமீட்டர் வண்ணப்படம் 2126 பிக்சல் அகலம். அதே அகலத்தில் கோட்டுப்படம் என்றால் 7087 பிக்சல். இதைப் போடாமல் ஏதோ ஓர் அளவில் வரையத் தொடங்கி, முடிந்த பிறகு பெரிதாக்கினால் கோடுகள் மங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து வரைவதைத் தவிர வழியில்லை.

அடுத்தது பூவை நேராகப் பார்ப்பது. பூவை நீளவாக்கில் பிளந்து, அளவுகோல் வைத்து ஒவ்வொரு பாகத்தின் நீளத்தையும் குறிக்க வேண்டும். மகரந்தத்தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து குழலாக நிற்கும்; சூலகத்தண்டு அந்தக் குழலுக்குள்ளேயே ஓடி மேலே வந்து ஐந்தாகப் பிரியும். அழகுக்குப் பூ வரைகிறவர் அந்த ஐந்தை நான்காகப் போட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே போட்டால் படம் திரும்பி வரும். வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு நிழல் போடுவது இந்தத் துறையின் வழக்கம். ஒரே பக்கத்தில் பல படங்கள் வந்தாலும் குழப்பம் வராது.

டேப்லெட்டில் பழகும் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. இரண்டு விரலால் நான்கு மடங்கு பெரிதாக்கிக்கொண்டு மகரந்தப்பையின் நுனியை ஒரு பிக்சல் கோட்டில் வரைவார்கள். திரையில் அற்புதமாகத் தெரியும். 300 டிபிஐயில் ஒரு பிக்சல் என்பது 0.085 மில்லிமீட்டர். அச்சில் அது காணாமல் போகும். மூன்று பிக்சலாவது இருந்தால்தான் கால் மில்லிமீட்டர் கோடாக நிற்கும். அரை மணிக்கு ஒருமுறை படத்தை அச்சு அளவுக்குச் சுருக்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோல் படத்தை அடுக்கடுக்காக வரையலாம், ஒவ்வோர் அடுக்கும் ஒரு லேயர். அந்த லேயர் கணக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஏ4 அளவில் 300 டிபிஐ படத்தின் ஒரு லேயர் ராமில் சுமார் 35 எம்பி எடுக்கும். 600 டிபிஐக்குப் போனால் அதுவே நான்கு மடங்கு, 139 எம்பி. முப்பது லேயர் போட்டால் 4 ஜிபியைத் தாண்டும். 8 ஜிபி டேப்லெட்டில் இயங்குதளத்துக்கும் பங்கு உண்டு என்பதால், புரோகிரியேட் போன்ற வரையும் செயலி இதற்கு மேல் லேயர் கிடையாது என்று நிறுத்திவிடும். அவள் கேட்கும் டேப்லெட்டில் சேமிப்பிடம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், ராம் எவ்வளவு என்று கேளுங்கள். பின்னால் இரண்டையும் மாற்ற முடியாது.

படம் முடிந்ததும் டேப்லெட்டின் வேலை பெரும்பாலும் முடிகிறது. பாகப்பெயர்களையும் சுட்டுக்கோடுகளையும் அளவுக்கோட்டையும் எழுத்தாகவே வைத்து வெக்டர் கோப்பாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காத வகைக் கோப்பு) தரச் சொல்வார்கள். இருபது படங்களுக்கு ஒரே எழுத்துரு, ஒரே கோட்டுத் தடிமன், கேட்ட மாதிரி கோப்புப் பெயர் என்று ஒழுங்குபடுத்துவதும், ஒன்றரை ஜிபி கோப்பை அனுப்புவதும் லேப்டாப்பில்தான் நிம்மதியாக நடக்கும். டேப்லெட்டில் கோப்பு ஏற்றுமதி ஓடும்போது வேறு செயலிக்குத் தாவினால் பல சமயம் அது பாதியில் நின்றுவிடும். இங்கே மாமாவுக்கு மீதிப் பாதியும் சரி: லேப்டாப் ஒன்று வேண்டும். வீட்டில் கிடக்கும் பழையது போதும். வெக்டர் கோப்பு செய்யும் இங்க்ஸ்கேப் மென்பொருள் இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே டேப்லெட் வாங்கப் போகாதீர்கள். செலவு விஷயத்தில் மகளிடமும் கறாராகத்தான் சொல்வேன். டேப்லெட்டின் விலை மட்டும் விலை ஆகாது. பேனா தனி, விசைப்பலகை தனி, உறை தனி, சில மென்பொருளுக்கு மாதச் சந்தா தனி. எல்லாம் கூட்டினால் ஒரு நல்ல லேப்டாப்பையே மிஞ்சும். விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் வீட்டுக் கணினியோடு இணைக்கும் திரையில்லாத டிராயிங் பேட் ஒன்று போதும். பெரிய டேப்லெட்டோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகக் குறைவு. வரைவதற்கு கிருதா என்ற மென்பொருள் இலவசம். கை ஒரு இடத்திலும் கண் வேறு இடத்திலும் இருப்பதால் முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். அந்த ஆறு மாதத்தில் அளவோடு முடித்த படம் பன்னிரண்டு அவள் கையில் இருந்தால் டேப்லெட் வாங்கிக்கொடுங்கள். நான்குதான் இருக்கிறது என்றால் வாங்காதீர்கள்.

வாங்கும் நாளில் அளவுகோல் ஒன்று எடுத்துப் போங்கள். திரையில் சாய்வாக வைத்து, பேனாவை அதன் ஓரமாக மிக மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கோடு படிக்கட்டுபோலவோ பாம்புபோலவோ நெளிந்தால் அந்தத் திரை பேனாவின் இடத்தைச் சரியாகக் கணிக்கவில்லை. வேகமாக இழுத்தால் இந்தக் குறை தெரியாது, அதனால் மெதுவாக இழுப்பது முக்கியம். பிறகு உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதிப் பார்க்கட்டும். கை பட்ட இடத்தில் புள்ளி விழக் கூடாது. தாள் போன்ற சொரசொரப்புக்காக மேலே ஒட்டும் உறை போட்டால் பேனா முனை சீக்கிரம் தேயும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். இன்னொன்று: புரோகிரியேட் படங்களைச் செயலிக்குள்ளேயே வைத்திருக்கும். செயலியை நீக்கினால் படங்களும் போய்விடும். வாரம் ஒருமுறை வெளி வட்டில் (எக்ஸ்டர்னல் டிஸ்க்) நகல் எடுக்காத பிள்ளைக்கு டேப்லெட் கொடுக்க வேண்டாம்.

படிப்பு என்று பார்த்தால் தாவரவியல், விலங்கியல் அல்லது பொது உயிரியல் பட்டம் எடுக்கட்டும், கூடவே மனித உருவம் வரையும் வகுப்பு. உயிரியல் பட்டம் இருந்தால் ஓவியத்தில் வருமானம் நிலைப்படும் வரை ஆய்வகத்துக்கோ ஆசிரியர் பணிக்கோ போகும் வழி திறந்தே இருக்கும். இதற்கென்றே உள்ள முதுநிலைப் படிப்புகள் உலகில் மிகக் குறைவு, இடங்களும் குறைவு. அதை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள். முதல் சில ஆண்டு வருமானம் சீராக வராது என்பதையும் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கைச்செலவுக்கு வழி வேண்டுமென்றால் காப்புரிமை (பேடன்ட்) விண்ணப்பப் படங்கள் இருக்கின்றன. பன்னாட்டு விண்ணப்பங்களில் ஏ4 தாள், கறுப்புக் கோடு மட்டும், வண்ணம் கூடாது. மேல் பக்கமும் இடப் பக்கமும் 2.5 சென்டிமீட்டர், வலப் பக்கம் 1.5, கீழே 1 சென்டிமீட்டர் ஓரம் விட வேண்டும். எண்களும் எழுத்துகளும் 0.32 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. கலைநயம் கேட்கமாட்டார்கள், ஒழுங்கு கேட்பார்கள். பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஓவியர் எதற்கு என்று மாமா கேட்பார். 2024 பிப்ரவரியில் ஓர் ஆய்விதழில் செயற்கை நுண்ணறிவு வரைந்த எலியின் படம் வெளியானது. உறுப்புகள் இருக்க முடியாத அளவில் இருந்தன, பாகப்பெயர்கள் எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். சில நாட்களில் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றார்கள். எளிய அலங்காரப் படங்களின் வேலையை அது எடுத்துக்கொள்ளும், மறுக்கவில்லை. சூலகமுடி ஐந்தா நான்கா என்று பூவைப் பிளந்து எண்ணிப் பார்க்கும் வேலை மனிதரிடம்தான் இருக்கிறது.

மாமாவைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். லேப்டாப் வாங்கித்தர நினைத்தவர் பாசத்தில்தான் நினைத்தார். அந்தப் பணத்தில் சிறு பங்குக்கு டிராயிங் பேடும் வெளி வட்டும் வாங்கித்தரச் சொல்லுங்கள். மகளை இந்த வாரமே ஒரு செம்பருத்தியைப் பிளந்து, அளந்து, 90 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பென்சிலில் வரையச் சொல்லுங்கள். படத்தின் பின்பக்கம் தேதியையும் ஒவ்வொரு பாகத்தின் அளவையும் எழுதி வைக்கட்டும்.