பட்டாளம் விட்டுப்போன சாமான்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படை தன் சரக்கை அந்தந்த ஊர் அரசுக்கே விற்றுப்போன கதையைப் பற்றி நம் கரைப்பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. ராணுவக் கிடங்கில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

பாம்பன் படகு மெக்கானிக்: அண்ணே, கொண்டுவந்த கப்பலிலேயே திருப்பி ஏற்றிப்போக வேண்டியதுதானே?

தம்பி, செத்த இன்ஜினைத் தூத்துக்குடிக்கு ஏற்றினால் லாரி வாடகைக்கே காணாது என்று பக்கத்துக் காயலாங்கடையில் போட்டுவிடுகிறீர்களே, அதே கணக்குதான். 1945-ல் கப்பல்கள் முதலில் சிப்பாய்களை வீடு சேர்க்க வேண்டியிருந்தது. அதோடு பழைய லாரியெல்லாம் ஊர் திரும்பினால் அங்கே புது லாரியை யார் வாங்குவார்? வெளிநாட்டில் விற்ற சரக்கு அமெரிக்காவுக்குள் திரும்ப வரக்கூடாது என்று கட்டுப்பாடே போட்டார்கள்.

கீழக்கரை மாணவி: ஏன் சார் அரசாங்கத்துக்கே மொத்தமாக விற்றார்கள்?

சில்லறையாக விற்றால் கடைசி டயர் போகும்வரை காவலுக்கு ஆள் வேண்டும்மா. மொத்தமாகத் தள்ளிவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். இந்தியாவும் அமெரிக்காவும் போர்க்காலக் கொடுக்கல் வாங்கலையும் இந்த உபரிச் சரக்கையும் சேர்த்து 1946 மே 16-ல் ஒரே ஒப்பந்தத்தில் முடித்தன.

அப்போது டாலர் பல நாடுகளில் தட்டுப்பாடு. அதனால் உள்ளூர்ப் பணமாகவே வாங்கி, மாணவர் பரிமாற்றத்துக்குச் செலவழிக்கலாம் என்று 1946 ஆகஸ்ட் 1-ல் அமெரிக்கா சட்டம் போட்டது. அமெரிக்காவில் படிக்க உங்களைப் போன்றவர்கள் விண்ணப்பிக்கும் ஃபுல்பிரைட் உதவித்தொகைக்கு வேர் இந்தப் பழைய இரும்புதான்.

மண்டபம் வாசகர்: விலை பிடிக்கவில்லை என்றால்?

பசிபிக் கடலில் இருக்கும் வனுவாட்டுத் தீவுகளில் அப்படித்தான் நடந்தது. அப்போது அந்தத் தீவுகளை ஆண்டது பிரிட்டனும் பிரான்சும். எப்படியும் விட்டுத்தானே போவார்கள், காசு எதற்கு என்று இருந்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் லாரி, புல்டோசர் எல்லாவற்றையும் கடலில் தள்ளிவிட்டுப் போனார்கள். அந்த இடத்துக்கு 'மில்லியன் டாலர் பாயிண்ட்' என்று பேர், இன்றும் ஆட்கள் முங்கிப் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டு பக்கமும் வெறும் வீம்பு.

நம் நாட்டிலும் பாருங்கள். அமெரிக்காவிடம் கடனுக்கு வாங்கிய லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை, பறக்கவே கூடாதென்று உடைத்துக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனது பிரிட்டிஷ் படை. பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை ஆட்கள் அவற்றில் சுமார் 40-ஐ ஒட்டிச் சரிசெய்து எழுப்பிவிட்டார்கள். நம் விமானப்படை 1968 வரை ஓட்டியது.

தேவிபட்டினம் வாசகர்: தாத்தா வீட்டுப் பரணில் கனமான இரும்பு கேன் ஒன்று. மேலே மூன்று கைப்பிடி. பட்டாளத்துச் சாமானா?

பக்கவாட்டில் பெருக்கல் குறி மாதிரி அழுத்திய தடம் இருக்கிறதா? இருந்தால் அது பட்டாளத்தில் பெட்ரோல் சுமக்கும் ஜெர்ரி கேன். ஜெர்மானியர் கண்டுபிடிப்பு, மற்றவர்கள் பார்த்துச் செய்தார்கள். மூன்று கைப்பிடி எதற்கென்றால், நிறைந்த கேனை இரண்டு பேர் சேர்ந்து தூக்கலாம், காலிக் கேன் என்றால் ஒரு கையிலேயே இரண்டு. மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் படையுடையது. அடியில் 20-5-44 என்று அடித்திருந்தால் அமெரிக்கச் சரக்கு: தகட்டின் தடிமன் 20 கேஜ், கொள்ளளவு 5 காலன், ஆண்டு 1944. தேங்காய் நார் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்.