லேப் சீட்டில் 'நார்மல்' என்றால் கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. போன வருடம் மூளை ரத்தக்குழாய் அடைத்து பக்கவாதம் வந்தது. அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. சாப்பிடுகிறார். இப்போது எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 94. சீட்டில் 'நார்மல்' என்றிருக்கிறது. மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும், நிறுத்திவிட்டு இஞ்சி-பூண்டு-எலுமிச்சைச் சாறு குடிக்கட்டும் என்கிறார் மாமா. நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். இந்த 94 மாத்திரையால் வந்த 94. நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும்.

லேப் சீட்டிலுள்ள 100 என்ற வரம்பு எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்தது. உங்கள் அப்பாவைப் போல் கொழுப்புப் படிந்து அடைப்பு வந்தவர்களுக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும். பிரான்ஸிலும் தென் கொரியாவிலும் 2,860 பேரிடம் நடந்த ஆய்வில், 90-110 போதும் என்று விடப்பட்டவர்களில் 10.9 சதவீதம் பேருக்கு மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ அதுபோன்ற பாதிப்போ வந்தது. 70-க்குக் கீழே இலக்கு வைத்தவர்களில் அது 8.5 சதவீதம். ஆகவே நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது, டோஸைக் கூட்டலாமா, எசெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்க்கலாமா என்பதைத்தான்.

சாறு விஷயம். பூண்டு ரசம் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் 'அடைப்பைக் கரைக்கும்' என்று பாட்டிலில் அடைத்து விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். எந்தச் சாறும் மூளை ரத்தக்குழாயைக் கழுவிவிடாது. 'செயற்கை மாத்திரை ஆபத்து' என்று முதலில் பயமுறுத்துவது, பிறகு மாதக்கணக்கில் பாட்டில் விற்பது, இதுதான் அவர்கள் வியாபாரம். அப்பா சாப்பிடும் மாத்திரையால் கல்லீரலுக்குக் கடுமையான பாதிப்பு வருவது மிக அரிது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கடுமையான தசைவலியோ கறுத்த சிறுநீரோ வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரத்தக்கசிவால் வந்த பக்கவாதம் வேறு கதை. 2006-இல் வெளியான பெரிய ஆய்வில் அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி. எடுத்தவர்களில் 55 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 33 பேருக்கும் மூளையில் கசிவு ஏற்பட்டது. மொத்தப் பக்கவாதம் குறைந்தது என்னவோ உண்மை. அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 'இன்ஃபார்க்ட்' என்றால் அடைப்பு, 'ஹெமரேஜ்' என்றால் கசிவு. கசிவு என்றிருந்தால் நான் மேலே சொன்ன எதையும் பொருத்திப் பார்க்காமல் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றே சொல்லியிருக்க வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் 'கன்டினியூ' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கையில் திணிப்பதோடு சரி. எவ்வளவு நாளைக்கு, எந்த அளவுக்கு என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்: ஆயுள் முழுக்க. டோஸ் மாறினால் 4 முதல் 12 வாரத்துக்குள் எல்டிஎல்லை மறுபடி பாருங்கள்.