வெள்ளிக்கிழமை ஓவர்டைம்

கேள்வி: தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். ஊர் தக்கலைக்குப் பக்கம். அடிப்படைச் சம்பளம் 1,500 ரியால். வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. ரூம்காரர்கள் அன்றைக்குத் தூங்குவார்கள், இல்லாவிட்டால் ரம்மி. நான் மெட்ரோ ஏறி மியூசியம் பார்க்கப் போய்விடுவேன். ‘உடைஞ்ச சட்டி பாக்கப் போறான்’ என்று கேலி செய்கிறார்கள். போக வர, சாப்பாடு எல்லாம் சேர்த்து 20 ரியால்தான் ஆகும். திட்டு விழும் என்பதால் வெள்ளிக்கிழமையும் ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ‘வெயில்ல நிக்காதீங்க’ என்று மனைவி வாராவாரம் சொல்வாள். மகள் ஏழாம் வகுப்பு. குடும்பத்தை விட்டு வந்த இடத்தில் இப்படிச் சுற்றுவது தவறா? இன்னும் நன்றாகப் பார்க்க என்ன வழி?

பதில்: மியூசியம் இருக்கட்டும் தம்பி. போகிற போக்கில் ‘ஓவர்டைம்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குக் கண்ணில் பட்டது அது ஒன்றுதான்.

அந்தப் பொய்க்கு ஒரு விலை இருக்கிறது. கத்தார் தொழிலாளர் சட்டப்படி வார ஓய்வு நாளில் வேலை வாங்கினால் அன்றைய அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேல் குறைந்தது 150 சதவீதமும் தர வேண்டும். உங்கள் 1,500 ரியாலில் ஒரு நாளைக்கு 50. அதோடு 75 சேர்த்தால் 125. நாலு வெள்ளிக்கு 500 ரியால். ரியாலுக்கு 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 11,500 ரூபாய். இந்தப் பணம் ஏன் வீட்டுக்கு வரவில்லை?

இந்தக் கணக்கு மனைவிக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? தக்கலையிலும் கருங்கலிலும் மார்த்தாண்டத்திலும் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு ஏது? ரேஷன் கடை வரிசையில் நாலு பேர் பேசினால் ஓ.டி. கணக்கு தானாக வந்துவிடும். போதாததற்கு, ஷிப்ட் வேலை தவிர மற்றவர்களைத் தொடர்ந்து இரண்டு வெள்ளிக்கு மேல் வேலைக்குக் கூப்பிடக்கூடாது என்றும் அங்கே சட்டம் இருக்கிறது. திரும்பி வந்த ஒருவர் அதைச் சொன்னால் போதும். ஒன்று, கம்பெனி உங்களை ஏமாற்றுகிறது. இல்லையென்றால் பணம் வேறு எங்கேயோ போகிறது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் உங்கள் மனைவி நினைக்க முடியும். வாய்விட்டுக் கேட்கமாட்டார், மனதில் போட்டுப் புழுங்குவார். ஓ.டி. பணம் எப்படியும் வரும் என்று நம்பிக் குழுக்கடன் எடுத்திருந்தால், அல்லது ஒரு சீட்டில் சேர்ந்திருந்தால், தவணையை யார் கட்டுவது?

இன்னொன்று. வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டது, போன் எடுக்கவில்லை என்று வையுங்கள். வீட்டில் இருந்து ஃபோர்மேனைக் கூப்பிடுவார்கள். ‘இன்னிக்கு அவருக்கு டியூட்டி இல்லையே’ என்று அவர் சொல்வார். அப்போது அந்த வீடு என்ன பாடுபடும்?

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது அந்த ‘வெயில்ல நிக்காதீங்க’. நீங்கள் ஏசி மண்டபத்தில் நிற்கிறீர்கள். அவர் உங்களுக்காக இங்கே வேகிறார். செய்யாத வேலைக்கு வாராவாரம் இரக்கம் வாங்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘சம்பாதிக்கிறது நான், லீவு என் இஷ்டம்’ என்ற பேச்சும் கல்யாணமானவருக்குப் பொருந்தாது. உங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. அவருக்கு எந்தக் கிழமை? மகளின் பள்ளிக்கூடம், வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை, கரண்ட் பில், கல்யாணவீடு, துக்கவீடு, உங்கள் பங்கு வேலை அத்தனையும் அவர் தலையில். உங்கள் வெள்ளிக்கிழமையை நீங்கள் அனுபவிக்க முடிவதே அதனால்தான். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆகவே சொல்லிவிடுங்கள். எப்போது, எப்படி என்பதில் கவனம் வேண்டும். சம்பளம் அனுப்பும் நாளில் வேண்டாம், பேச்சு முழுக்கப் பணத்திலேயே போய்விடும். வியாழக்கிழமை இரவு, மகள் தூங்கிய பிறகு கூப்பிடுங்கள். நம் ஊர் நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது என்பதால் அங்கே எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. ஸ்பீக்கரில் போடவேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாமியார் காதில் விழுந்தால் மனைவியால் மனதில் இருப்பதைக் கேட்க முடியாது. தம்பியை விட்டுச் சொல்ல வைப்பதும், கூடவே ஒரு வளையல் வாங்கி அனுப்புவதும் வேண்டவே வேண்டாம். வளையல் வந்தால் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

‘வெள்ளிக்கிழமை எனக்கு வேலை கிடையாது, இத்தனை நாளும் பொய் சொன்னேன்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ‘யார்கூடப் போனீங்க?’ என்று கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு, அங்கே கோபப்பட்டீர்கள் என்றால் எல்லாம் கெட்டது. அடுத்து பணம் வரும். சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, வாரம் 20 ரியால், மாதம் 80, நம் காசுக்கு இரண்டாயிரத்துக்குள் என்று சொல்லுங்கள். அந்த 80 ரியாலை வீட்டுக் கணக்கில் அவரே எழுதட்டும். அதே அளவு பணத்தை அவர் தனக்கென்று செலவு செய்யவும் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள்.

இனி மியூசியம். போகத்தான் வேண்டும், விடவேண்டாம். ஆனால் தனியாகப் பார்க்காதீர்கள். கத்தாரில் வாட்ஸாப் கால் ஒழுங்காகக் கிடைப்பதில்லை, குரல்பதிவும் படமும் போகும். வெள்ளிக்கிழமை பெரிய மியூசியங்கள் மதியம் ஒன்றரைக்குத்தான் திறக்கும். அப்போது இங்கே மணி நாலு. மகள் வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும் நேரத்தில் நீங்கள் உள்ளே இருப்பீர்கள். ஒரு பொருளுக்கு ஒரு படம், ஒரு நிமிடக் குரல்பதிவு, ஒரு வெள்ளிக்கு மூன்று பொருள் போதும். நாற்பது படத்தை மொத்தமாக அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

தேசிய மியூசியத்தில் இருந்து தொடங்கலாம். மெட்ரோவில் கோல்டு லைனில் அதன் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. பத்தாக்கா, அதாவது கத்தார் அடையாள அட்டை, காட்டினால் கத்தாரில் குடியிருப்பவருக்கு டிக்கெட் இல்லை, அதனால் போட்டோவை நம்பாமல் அட்டையையே கொண்டுபோங்கள். உள்ளே நடை மட்டும் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் கால்தான் வலிக்கும், தலையில் ஒன்றும் நிற்காது. முதல் வாரம் முத்துக்குளிப்புப் பகுதி மட்டும். கண்ணாடிப் பெட்டிக்குப் படம் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிட்டு, நேர் எதிரே நிற்காமல் சற்றே பக்கவாட்டில் நில்லுங்கள், இல்லாவிட்டால் படத்தில் உங்கள் முகம்தான் விழும்.

அங்கே பரோடா முத்துக் கம்பளம் இருக்கிறது. 1860களில் பரோடா மகாராஜா செய்யச் சொன்னது. 15 லட்சத்துக்கு மேல் வளைகுடா முத்துகளைக் கோத்துத் தைத்திருக்கிறார்கள். நம் நாட்டு அரசர் கேட்ட பொருளுக்கு முத்து எடுத்துக்கொடுத்தது அந்தக் கடல். பளபளப்பைப் பார்த்ததோடு நகர்ந்துவிடாதீர்கள், முத்துக் குளித்தவர் கொண்டுபோன சாமான்களையும் தேடிப் பாருங்கள். மூக்கை அடைக்கும் சின்னக் கிளிப், விரலுக்குத் தோல் உறை, சீக்கிரம் அடியில் இறங்கக் காலில் கட்டும் கல், கழுத்தில் தொங்கும் வலைக்கூடை. கயிற்றை மேலே பிடித்துக்கொண்டு நிற்பவர் வேறொருவர். கீழே இருப்பவர் அசைத்ததும் அவர் இழுக்கவேண்டும். கோடைக்குச் சுமார் நாலு மாதம் கடலிலேயே. புறப்படுமுன் நோக்கதா, அதாவது கப்பல் தலைவன், முன்பணம் தருவான். பருவம் முடிந்து பங்கு பிரித்தால் முன்பணமே தீராது. கடன் அடுத்த வருடத்துக்குப் போகும், அப்பன் செத்தால் மகன் தலையில் விழும். 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்தது, உலகப் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது, தொழில் படுத்தது. விசாவுக்குக் கடன் வாங்கி விமானம் ஏறும் மாவட்டத்துக்காரருக்கு இதைவிட நெருக்கமான கதை அந்த ஊரில் கிடையாது. மகளுக்குச் சொல்லுங்கள். அப்பா ஏன் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதும் அவளுக்கு அப்படியே விளங்கும்.

அடுத்த வாரம் முஷைரிப் ஸ்டேஷனில் இறங்கினால் நாலு பழைய வீடுகளை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். பின் ஜல்மூத் இல்லம் அடிமை முறையைப் பற்றியது. கத்தாரில் அது ஒழிந்தது 1952இல். கம்பெனி ஹவுஸ் எண்ணெய்க் கம்பெனியில் முதலில் வேலை செய்தவர்களைப் பற்றியது. உழைக்கப் போனவர் இந்த இரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்பக்கூடாது என்பேன். கடலோரத்தில் உள்ள இஸ்லாமியக் கலை மியூசியத்துக்கு ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள். 2008இல் திறந்தது. ஷாஜகானுக்காக ஜேட் என்ற கல்லில் செய்த பதக்கம் ஒன்று அங்கே இருக்கிறது, மும்தாஜ் இறந்த 1631ஐ ஒட்டிய காலத்தது. நெஞ்சுப் படபடப்புக்கு அணிவது. அதை மட்டும் மகளுக்கு அனுப்பாமல் மனைவிக்கு அனுப்புங்கள்.

மகளும் பதிலுக்கு அனுப்பவேண்டும். தக்கலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பத்மநாபபுரம் அரண்மனையை எத்தனை முறை பார்த்திருப்பாள்? 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் அது. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தக் கறுப்புத் தரையில் முகம் தெரியும். ஊட்டுப்புரையில், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில், ஊறுகாய் வைத்த சீன ஜாடிகளை அவள் படம் எடுத்து அனுப்பட்டும், தோஹாவில் இருக்கும் சீனப் பாத்திரங்களோடு நீங்கள் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். உடைஞ்ச சட்டி என்று சிரிக்கிற ரூம்காரர்களையும் ஒருநாள் கூட்டிப்போங்கள்.

அடுத்த லீவுக்கு வரும்போது மனைவியையும் மகளையும் அதே அரண்மனைக்கு அழைத்துப்போங்கள். திங்கட்கிழமை பூட்டியிருக்கும், வேறு கிழமை பாருங்கள். அன்றைக்குச் சமையலும் அவருக்கு வேண்டாம்.