காது மெஷின், பிரெய்ல், சைகை: பாம்பன் கரைப் பிள்ளைங்களுக்காக ஒரு சிறப்பாசிரியரிடம் கேள்வி பதில்

மண்டபம், பாம்பன் பக்கம் 19 வருஷமா சிறப்பாசிரியரா இருக்கேன். காது கேட்காத பிள்ளைங்கதான் என்னோட வேலை, மத்ததுக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். மருந்து, ஆபரேஷன் எல்லாம் டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

கேள்வி (தங்கச்சிமடம்): டீச்சர், மகனுக்கு 6 வயசு. கேம்ப்ல காது மெஷின் குடுத்தாங்க, கொஞ்ச நாள் போட்டான், இப்ப மாட்டுனாலே பிடுங்கி எறியிறான். அடிச்சும் பாத்துட்டேன்.

பதில்: அடிக்காதம்மா, பிடுங்குறான்னா அவன் ஏதோ சொல்ல வர்றான். போன மாசம் இதே மாதிரி ஒரு வீட்டுக்குப் போனேன். மெஷினைக் கழட்டி வெளிச்சத்துல பாத்தா, மோல்டுக்கு, அதான் காதுக்குள்ள வைக்கிற அச்சுக்கு, போற அந்தச் சின்ன டியூப்ல முத்து முத்தா தண்ணி கோத்து நிக்குது, வேர்வையும் உப்புக்காத்தும் சேந்து வர்றது. சத்தம் உள்ள போகவே வழியில்ல. இதுல ஒண்ணு புரிஞ்சுக்கணும், மோல்டு காதை கார்க் மாதிரி அடைக்குது, அதனால ஓடாத மெஷின மாட்டினா பிள்ளைக்குக் கொஞ்சநஞ்சம் கேக்குறதும் அது காதுல இருக்குற வரைக்கும் கேக்காமப் போயிடும். அதான் பிடுங்குறான். டியூபைக் கழட்டி ஊதி, பேட்டரி மாத்தி மாட்டினோம், தெருவுல ஐஸ் வண்டி ஆரன் அடிச்சதும் அந்தப் பய திரும்புனான் பாருங்க, அவங்க அம்மா அப்படியே உக்காந்துட்டாங்க.

தினம் காலையில மாட்டுறதுக்கு முன்னாடி மெஷின ஆன் பண்ணி உள்ளங்கையில வச்சு மூடுங்க, விசிலடிச்சா ஓடுதுன்னு அர்த்தம். மாட்டின பிறகும் காதுல விசிலடிச்சுட்டே இருந்தா மோல்டு லூசு, பிள்ளை வளர்ந்துட்டான், புதுசா அச்சு எடுக்கணும். அப்புறம் வாயை ஒரு அட்டையால மறைச்சுக்கிட்டு ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் இந்த ஆறு சத்தத்தையும் ஒவ்வொண்ணா சொல்லுங்க, கேட்டா கை தூக்கணும். நேத்து வரைக்கும் தூக்குனவன் இன்னைக்கு ஸ்-க்கு தூக்கலைன்னா எங்கேயோ கோளாறு.

ராத்திரி பேட்டரிய வெளிய எடுத்துட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பாவுல மெஷின வைங்க. நம்ம ஊர் உப்புக்காத்துக்கு இது இல்லாம முடியாது. வெயில்ல காயவைக்காதீங்க, காதுல எண்ணெயும் விடாதீங்க.

கேள்வி (மண்டபம்): எந்தக் கம்பெனி மெஷின் நல்லது?

பதில்: கம்பெனிய அப்புறம் பாக்கலாம். முதல்ல ஆடியோகிராம் எடுங்க, எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு காட்டுற டெஸ்ட் அது. டெஸ்ட் இல்லாம மெஷின் வாங்காதீங்க.

கேள்வி (கீழக்கரை): எங்க பொண்ணுக்கு பார்வை இல்ல, 8 வயசு. போன்தான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டுதே, இனிமே பிரெய்ல் எதுக்குன்னு அவ வாப்பா கேக்குறாங்க.

பதில்: போன் வேணும்தான், திரையில இருக்குறதைப் படிச்சுச் சொல்ற டாக்பேக்கை ஆன் பண்ணிக் குடுங்க, கம்ப்யூட்டருக்கு அதே வேலையைச் செய்யுற என்விடிஏ இலவசமாவே கிடைக்குது. ஆனா காதால மட்டும் படிச்ச பிள்ளைக்கு ந, ன ரெண்டுக்கும் வித்தியாசம் எங்க இருந்து தெரியும்? ரெண்டும் ஒரே சத்தம்தானே. நம்ம பேச்சுல ர, ற-வும் அப்படித்தான். விரலால தொட்டாத்தான் அது வேற எழுத்து, இது வேற எழுத்துன்னு மனசுல நிக்கும். ஆறு புள்ளிதான், அ-வுக்கு முதல் புள்ளி, க-வுக்கு ஒண்ணும் மூணும். பிரெய்ல் சிலேட்டுல பேப்பரை வச்சுக் குத்தும்போது வலமிருந்து இடமா போகணும், பேப்பரைத் திருப்பிப் படிக்கும்போது இடமிருந்து வலமா வரும், அந்தக் குழப்பம் ஒரு மாசத்துல போயிடும். இந்த வயசை விட்டா கஷ்டம், இப்பவே ஆரம்பிங்க.

கேள்வி (தேவிபட்டினம்): உதவித்தொகை எவ்வளவு வரும்?

பதில்: ராமநாதபுரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க.

கேள்வி (பாம்பன்): குடுத்த வீல்சேர் மணல்ல புதையுது, மகளுக்கு ரொம்பப் பெருசாவும் இருக்கு.

பதில்: பெரிய சேர்ல உக்காந்தா உடம்பு ஒரு பக்கம் சாய்ஞ்சு முதுகெலும்பு வளைஞ்சிரும். இடுப்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் இடைவெளி போதும், பாதம் பலகையில படணும். மணலுக்கு முன்சக்கரம் அகலமா வேணும். வட்டார வள மையத்து பிசியோதெரபிஸ்ட்ட அளவெடுக்கச் சொல்லுங்க.

கேள்வி (ராமேஸ்வரம்): காது கேட்காத பிள்ளைக்கு சைகை பழக்கினா அப்புறம் பேச்சே வராது, எல்லாரும் கைய ஆட்டிக்கிட்டுதான் இருக்கணும். நீங்க ஏன் அதைச் சொல்லிக்குடுக்குறீங்க?

தொண்டியிலிருந்து ஒருத்தர்: நான் பொறந்ததுல இருந்தே காது கேட்காதவன். 12 வயசு வரைக்கும் வாயைப் பாத்தே படிக்க வச்சாங்க. எங்க அப்பா "பாடு எப்படி"ன்னு, அதாவது மீன் எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்டா எனக்கு "மாடு எப்படி"ன்னு தெரியும், உதட்டுல ரெண்டும் ஒண்ணுதான். சைகை கத்துக்கிட்ட அப்புறம்தான் என் வீட்டாளுங்க என்ன பேசுறாங்கன்னே புரிஞ்சுது.

ராமேஸ்வரம்: பேச்சு இல்லாம வேலை யார் குடுப்பா? என் தங்கச்சி மகன் மெஷின் போட்டு நல்லாப் பேசுறான்.

பதில்: அவன் பேசுறது ரொம்ப சந்தோஷம்ணே. சீக்கிரமே கண்டுபிடிச்சு, மெஷின் சரியா ஓடி, வீட்டுல பேசிக்கிட்டே இருந்தா நிறைய பிள்ளைங்களுக்கு பேச்சு வரும், காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்கும், அதாவது ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கருவிக்கும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வழி இருக்கு. நான் எதிர்க்கிறது, பேச்சு வரட்டும்னு பிள்ளையை மொழியே இல்லாம காத்திருக்க வைக்கிறதைத்தான். எங்க பயிற்சியிலயே பிள்ளை சைகை பண்ணினா கையைப் பிடிச்சு அடக்கச் சொல்லிக் குடுத்தாங்க, நானும் பிடிச்சிருக்கேன். அதை நினைச்சா இன்னைக்கும் மனசு வலிக்குது.

ஒரு பொண்ணு 7 வயசுல என்கிட்ட வந்தா, தனக்கு பேர் இருக்குன்னே தெரியாது. வீட்டுல அவளா பண்ணின ஒரே சைகை வலை இழுக்குற மாதிரி, அதுதான் அப்பா. நாங்க நேத்து, இன்னைக்கு, நாளைக்குன்னு மூணு சைகை சொல்லிக் குடுத்தோம். மூணாம் நாள் வந்து வலை இழுத்துக் காட்டிட்டு "நாளைக்கா?"ன்னு கேட்டா. அதுவரைக்கும் அப்பா கடலுக்குப் போற ஒவ்வொரு தடவையும் திரும்பி வருவாரா மாட்டாரான்னு தெரியாமலே அவ அழுதிருக்கா, நமக்குத்தான் பிடிவாதம்னு பட்டிருக்கு. சைகை பேச்சைக் கெடுக்காதுண்ணே, மொழின்னா என்னன்னு தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் அடுத்த மொழியும் ஏறும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சைகை மொழியும் பிரெய்லும் தெரிஞ்ச ஆசிரியர்களை நியமிக்கணும்னு சொல்லுது.

கேள்வி (ஏர்வாடி): "உங்க பிள்ளைக்கு ஸ்பெஷல் ஸ்கூல்தான், இங்க இடமில்ல"ன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அந்த யூடிஐடி கார்டும் இன்னும் வரல.

பதில்: அப்படிச் சொல்ல அவங்களுக்கு உரிமை இல்ல. அதே 2016 சட்டம், பிரிவு 16, அரசு நிதியோ அங்கீகாரமோ உள்ள பள்ளிக்கூடம் பாகுபாடு இல்லாம சேர்க்கணும். வாயால சொன்னதை எழுத்துல கேளுங்க, பாதி இடத்துல அதுக்கே சேர்த்துருவாங்க. கார்டு வரட்டும்னு ஒரு வருஷத்தை விட்டுறாதீங்க. மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15ல ஆரம்பிச்சு 61 நாள், அப்பாக்கள் கரையில இருப்பாங்க, கார்டு அலைச்சலை அப்ப வச்சுக்குங்க.

கேள்வி (மூக்கையூர்): நல்ல மெஷின் எது டீச்சர்?

பதில்: மேல சொல்லிட்டேன். ஆடியோகிராம்.

கேள்வி (பாம்பன்): 15 வயசு மகன் லீவுக்கு அப்பாவோட வள்ளத்துல போறான், மெஷின் போட்டுட்டுப் போகலாமா?

பதில்: கழட்டி டப்பாவுல போட்டு வீட்டுலயே வச்சுட்டுப் போகட்டும். ஆனா காது கேட்காத பையன் கடல்ல இருக்கான், பின்னாடி இருந்து கத்தினா தெரியாது. கயிறு ஓடும்போது, இன்ஜின் போடும்போது என்ன சைகைன்னு அப்பாவும் அவனும் கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கணும், லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கணும், அவன் எப்பவும் அப்பா முகம் தெரியுற பக்கமா உக்காரணும்.