திங்கட்கிழமையில் தில்லி போய் இறங்குபவர்களுக்கு

கேள்வி: வயதான பெற்றோருடனும் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் சித்தியுடனும் திங்கள், செவ்வாய் இரு நாள்கள் தில்லியில் தங்குகிறோம். முதல் நாளே எட்டு இடங்களைக் காட்டிவிடுவதாக ஒரு முகவர் கார் பேசுகிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். திங்கட்கிழமையில் செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம் நான்குக்கும் விடுமுறை. இது தெரிந்தேதான் இவற்றைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். பூட்டிய வாசலைக் காட்டிவிட்டு, மிஞ்சும் நேரத்தில் 'அரசு எம்போரியம்' என்று சொல்லி ஏதோ ஒரு கம்பளக் கடையில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். அங்கே நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் ஓட்டுநரின் கமிஷனும் அடக்கம். வாடகை பேசும்போதே, எந்தக் கடையிலும் வண்டி நிற்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

திங்கள் காலை குதுப் மினார் போதும். 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தின் உட்படிகள், 1981-இல் நெரிசலில் பலர் இறந்தபின் மூடப்பட்டுவிட்டதால், பெற்றோரை ஏற்றுவதா என்ற கவலையே இல்லை. அருகில் நிற்கும் இரும்புத் தூணையும் நிதானமாகப் பாருங்கள். ஏறத்தாழ 1600 ஆண்டுகளாகியும் அது துருப்பிடித்து அழியவில்லை. மாலையில் ஹுமாயூன் கல்லறை. மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்களைத் தோட்டத்திலேயே உட்கார வையுங்கள்.

செவ்வாய் காலை செங்கோட்டை. "வி.ஐ.பி. வருகிறார், கோட்டை இன்று மூடல்" என்று வழியில் ஒருவர் உருக்கமாகச் சொன்னால், பதில் பேசாமல் கோட்டையின் நுழைவாயிலான லாகூர் வாசல்வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள். ஜும்மா மசூதி பக்கத்திலேயே இருக்கிறது.

சித்தியின் நுழைவுச்சீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பணம் வீணாகப் போவது அங்கேதான். தொல்லியல் துறையின் சின்னங்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு என்றாலும், சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு), பிம்ஸ்டெக் (வங்கக் கடலைச் சார்ந்த நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியர் கட்டணமே. சித்தி வைத்திருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் அவருக்கும் அதே கட்டணம்தான். அவரே கனடாக் குடியுரிமை பெற்றவர் என்றால், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பது மட்டும் செல்லாது. கணக்கில் வருவது குடியுரிமை. பிறந்த ஊரோ பேசும் மொழியோ அல்ல. பாஸ்போர்ட்டைக் கண்டதுமே வெளிநாட்டவர் வரிசைக்குக் கைகாட்டும் ஊழியரிடம் நீங்கள்தான் விதியை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். நகல் வேண்டாம், அசல் கடவுச்சீட்டையே கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.