மகளுக்குச் சொந்த ஊர் எது?

அன்புள்ள சகோதரிக்கு,

2006இல் போரினால் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள சம்பூரை விட்டு வெளியேறி, மட்டக்களப்பிலும் கிளிவெட்டி இடம்பெயர்ந்தோர் முகாமிலும் வாழ்ந்து, இப்போது திருகோணமலை நகருக்கு அருகே உப்புவெளியில் வாடகைக்கு இருக்கும் நீங்கள், முகாமில் பிறந்த மகளுக்குச் சொந்த ஊர் எதுவென்று சொல்லத் தெரியவில்லை என எழுதியிருந்தீர்கள். சம்பூரை அவள்மேல் சுமத்த வேண்டாம் என்பதே என் எண்ணம். அவள் நடக்கப் பழகிய கிளிவெட்டியும், தோழிகள் இருக்கும் உப்புவெளியும் அவளுக்கு உண்மையான ஊர்களே. "அது முகாம்தானே" என்று நாம் தள்ளிவிட்டால், அவளுடைய குழந்தைப் பருவத்தையே தள்ளிவிடுகிறோம்.

ஆனாலும் உங்கள் ஊரை அவளிடம் மறைக்காதீர்கள். அரசும் கடற்படையும் வைத்திருந்த காணிகள் 2015 முதல் விடுவிக்கப்பட்டுப் பலர் அங்கே மீண்டும் குடியேறியிருக்கிறார்கள். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்கு, கிண்ணியாப் பாலம் கடந்து மூதூர் வழியாக அவளை அழைத்துச் சென்று, உங்கள் வளவைக் காட்டி, அயலில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் அவள் முன்னே அழலாம். அங்கே உறவினர் இருந்தால் ஓர் இரவு தங்குவது இன்னும் நல்லது.