இரவு டூட்டிக்குப் பிறகு தூக்கம் வரவில்லையா? லவெண்டர் எவ்வளவு, மூச்சு எப்படி

பட்டர்வொர்த்தில் குடியிருந்து பினாங்குத் தீவில் ஒரு மருத்துவமனைக்கு வேலைக்குப் போகும் தாதி ஒருவர் கேட்டிருக்கிறார்: தொடர்ந்து மூன்று இரவு டூட்டி. காலையில் வீடு வந்து படுத்தால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் பிடிப்பதில்லை. நெஞ்சு படபடக்கிறது, வேலை என்றாலே வெறுப்பாக இருக்கிறது. மணம் பரப்பும் டிஃபியூசரில் பத்துச் சொட்டு லவெண்டர் எண்ணெய் விட்டால் தலைவலி. 4-7-8 மூச்சுப் பயிற்சி செய்தால் தலைசுற்றல். எங்கே தப்பு?

இரண்டிலும் தப்பு அளவில்தான். மூச்சை முதலில் பார்ப்போம். உங்களுக்குக் கைகொடுக்கப் போவது அதுதான். வாசனை அதற்குத் துணை.

4-7-8 என்பது நான்கு எண்ணும்வரை இழுத்து, ஏழு வரை அடக்கி, எட்டு வரை விடுவது. ராத்திரி முழுக்க விழித்து, காப்பியும் ஏறிய உடம்பு ஏழு எண்ணும்வரை அடக்கினால் மூச்சு முட்டும். அந்தத் தவிப்பில் அடுத்த மூச்சை நெஞ்சு விம்ம இழுத்து, வாயால் ஊதித் தள்ளுவீர்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் மதமதக்கும். பயத்தில் மேல்மூச்சு வாங்கும் நோயாளியிடம் நீங்கள் பார்ப்பதும் இதையேதான். பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 என்ற பழைய பிராணாயாமக் கணக்கெல்லாம் ஆசானிடம் இருந்து நெடுநாள் பழகியவர்களுக்கு. கபாலபாதி, பஸ்திரிகா என்ற வேக மூச்சுப் பயிற்சிகள் இரண்டும் உடம்பை உசுப்பிவிடுபவை. படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம்.

நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். ஒரு கையைத் தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். மூக்கால் நான்கு வினாடி இழுக்கும்போது அந்தக் கை எழ வேண்டும், தோள் எழக் கூடாது. முட்ட முட்ட நிரப்பாதீர்கள், முக்கால் வயிறு போதும். அடக்காமல் மூக்காலேயே ஆறு வினாடி விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. படபடப்பு அடங்குவது அதனால்தான். உட்கார்ந்து ஐந்து நிமிடம், படுத்த பிறகு ஐந்து நிமிடம். ஆறு வினாடி தாங்கவில்லையென்றால் மூன்று இழுத்து நான்கு விடுங்கள், பழகப் பழக நீட்டலாம்.

டூட்டியில் இதற்கு ஏது நேரம் என்பீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 வினாடி என்பது உங்களுக்கே மனப்பாடம். அதில் நான்கிலிருந்து ஆறு மூச்சு அடங்கும். பைப்பைத் திறந்ததும் எண்ணத் தொடங்குங்கள். எந்த மேட்ரனும் ஏன் என்று கேட்க மாட்டார்.

லவெண்டருக்கு வருவோம். பாட்டிலில் 'லவாண்டுலா ஆங்குஸ்டிஃபோலியா' என்ற தாவரப் பெயர் இருக்கிறதா பாருங்கள். லவாண்டின், ஸ்பைக் லவெண்டர் வகைகளில் கற்பூரத்தன்மை கூடுதல், தூக்கத்துக்கு ஏற்றவையல்ல. 'ஃபிராக்ரன்ஸ் ஆயில்' என்று போட்டிருந்தால் அது செயற்கை வாசனை. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: காய்ந்த பிறகும் எண்ணெய்க் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம்.

பத்துச் சொட்டுக்குத் தலைவலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஏர்கோன் அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிடுகிறது, வெளிக்காற்று நுழைவதில்லை. மூக்கோ சிறிது நேரத்தில் வாசனைக்குப் பழகிவிடும். மணம் போய்விட்டது என்று நாம் இன்னும் இரண்டு சொட்டு விடுவோம். 100 மில்லி தண்ணீருக்கு மூன்று சொட்டு, படுக்கும் முன் இருபது நிமிடம், பிறகு அணைத்துவிடுங்கள். மிஞ்சிய தண்ணீரை அன்றன்றே கொட்டித் துடைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். டிஃபியூசர் இல்லாமலும் முடியும்: டிஷ்யூவில் ஒரே சொட்டு விட்டு, தலையணையிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

தேய்த்துக்கொள்ள 10 மில்லி தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு, ஏறக்குறைய ஒரு விழுக்காடு. முன்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பொறுங்கள். நம் ஊர் வெயிலில் மூடாமல் கிடந்த பாட்டிலில், லவெண்டர் எண்ணெயிலுள்ள லினலூல் என்ற மணப்பொருள் காற்றோடு வினைபுரிந்து, தோலில் அரிப்பை உண்டாக்கும். பூசிக்கொண்டு வார்டுக்குப் போகாதீர்கள்: ஆஸ்துமா நோயாளிக்கு ஆகாது, எண்ணெய் லேடெக்ஸ் கையுறையையும் கெடுக்கும். உங்களுக்கே ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் அந்த அறையில் வேண்டாம். கோடாலித் தைலம் தூக்க மருந்தல்ல. ஜி6பிடி குறைபாடுள்ள (சில பொருள்கள் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறை) குழந்தை இருக்கும் வீட்டில் மென்தால், கற்பூரத் தைலங்களை ஒதுக்கி வைப்பதே நல்லது.

லவெண்டர் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மணத்தை மறைத்துப் பரிசோதிக்க முடியாததால் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதும் கடினம். ஆனாலும் ஒரு மணத்தைத் தூக்கத்துக்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் மூச்சுப் பயிற்சியோடு சேர்த்தால், படுக்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்பு பழகிக்கொள்ளும். அதே மணத்தைக் காரிலும் ஹாலிலும் வைத்தால் அந்தப் பழக்கம் ஒட்டாது. லவெண்டர் பிடிக்கவில்லையா, வெட்டிவேர் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் காலை வெளிச்சம் கெடுத்துவிடும். பினாங்கில் சூரியன் ஏறக்குறைய 7 மணியிலிருந்து 7.30க்குள் உதிக்கிறது. 7 மணிக்கு டூட்டி முடிந்து பாலத்தில் ஏறினால் முகத்தில் அடிப்பது அந்த வெயில்தான். உடம்பு அதைக் காலை என்றே எடுத்துக்கொள்ளும். வேறொருவர் ஓட்டினால் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். நீங்களே ஓட்டினால் வேண்டாம், அப்போது விழிப்புதான் முக்கியம். கண் சொருகுகிறது என்றால் கிளம்பும் முன் இருபது நிமிடம் தூங்கிவிட்டுப் புறப்படுங்கள். படுக்கையறைக்குக் கனமான திரை போடுங்கள். கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் கடைசி தே தாரிக் இரவு 2 மணிக்குள் முடியட்டும்.

வேலை மீது வந்திருக்கும் வெறுப்பு தனிச் சேதி. சோர்வு, வேலையிலிருந்து மனம் விலகுதல், திறமை குறைந்துவிட்டதான உணர்வு: இந்த மூன்றும் சேர்ந்த 'பர்ன்அவுட்' நிலையை, சமாளிக்க முடியாமல் நீடிக்கும் பணி அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. அதை நோய் என்று அது சொல்லவில்லை. வேரே வேலையில் இருக்கும்போது எண்ணெயால் அதைத் தீர்க்க முடியாது. ரோஸ்டர் போடும் சிஸ்டரிடம் காலை, மதியம், இரவு என்ற முன்னோக்கிய வரிசையைக் கேளுங்கள். பின்னோக்கி மாறுவதைவிட உடம்பு இதற்குச் சுலபமாகப் பழகும். மனம் தாங்காதபோது அழைக்க, மலேசிய சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555.

வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் கெட்டு மூன்று மாதம் ஆகிவிட்டதென்றால், அல்லது பலத்த குறட்டை இருந்தால், மருத்துவரைப் பாருங்கள். போகும்போது இரண்டு வாரத்துக்குப் படுத்த நேரம், எழுந்த நேரம், குடித்த காப்பி எல்லாவற்றையும் ரோஸ்டர் தாளிலேயே குறித்து எடுத்துப் போங்கள்.